கடலைக் கேட்க நின்ற பஸ்

இன்று சின்னசேலம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனில் கத்திக்கொண்டே வந்தார். கடலூரில் மீன்பிடி படகுகளுக்கு பேட்டரி, விளக்கு, வயர்லெஸ் ஒயரிங் செய்பவராம். அவர் ஒயரிங் செய்துகொடுத்த படகு ஒன்று துறைமுக வாசலில் இன்ஜின் செத்து நிற்கிறது.

“அண்ணா, அல எங்கள கல்லு பக்கமா தள்ளுதுண்ணா!” ஸ்பீக்கரில் படகுக்காரரின் குரல். பின்னால் கடல் இரைந்தது.

“பதறாத. பேட்டரி முனையில இன்னா தெரியுது?”

“வெள்ளையா பூத்துக்கினு இருக்குது.”

“ஒயரக் கழட்டிட்டு கத்தியால சொரண்டு.”

“கல்லாட்டம் இருக்குதுண்ணா, போவல!”

பின்சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். “சுடுதண்ணி ஊத்தச் சொல்லுங்க. எங்க டிராக்டருக்கு அதான் செய்வோம்.”

“டீக்கு வெச்ச தண்ணி இருந்தா ஊத்துப்பா!”

டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். “இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலங்க.”

மரவள்ளிக் காட்டின் நடுவே, மூச்சுவிடாமல் எல்லோரும் கடலைக் கேட்டோம். எங்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை.

ஒயரை மறுபடி மாட்டியிருப்பார்கள். டுர்ர்ர். நின்றது.

டுர்ர்ர். டட டட டட!

பஸ்ஸே கைதட்டியது.

பிறகு டிரைவர் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றது, அவ்வளவுதான். எங்கள் பஸ்ஸின் பேட்டரி காலி.

அவ்வளவு தூரத்திலிருந்த படகைக் கிளப்பியவரும் எங்களோடு இறங்கித் தள்ளிப் பார்த்துவிட்டார். பின்சீட்டு அம்மா இப்போது சுடுதண்ணீர் கேட்கிறார்.

பக்கத்தில் யாராவது இருந்தால், ஒரு பிளாஸ்க்கோடு வாருங்கள்.