சாலைக்கு வந்த படகு

பேரிடர்க் காலத்தில் தனியார் படகை எடுத்துக்கொள்ள மாவட்ட நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான முன் அனுமதி வேண்டும். புயல் எச்சரிக்கை நீங்கும்வரை எந்தப் படகுக்கும் மீன்வளத் துறை டோக்கன் தரக் கூடாது. இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்; வருவாய்த் துறையில் வேறென்ன கற்றுக்கொண்டேன்?

திருப்புல்லாணிக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் அன்று கண்மாய் உடைந்து சாலையை மூழ்கடித்திருந்தது. பக்கத்து வீட்டு விவசாயியின் மகளுக்குத் தலைப்பிரசவ வலி. ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது.

தீயணைப்புத் துறையினர் ரப்பர் படகில் கிளம்பினார்கள். தண்ணீருக்கடியில் கிடந்த சீமைக் கருவேல முள் பாதி வழியிலேயே அதைக் கிழித்துவிட்டது. இந்த மாவட்டத்துக்கு ரப்பர் படகு ஒதுக்கியவர் இங்கே ஒருநாளும் செருப்பில்லாமல் நடந்திருக்க மாட்டார். நெஞ்சளவு நீரில் நடந்து கரையேறிய நிலைய அதிகாரி, யாரையும் திட்டாமல், என் போனை வாங்கி மீன்வளத் துறை ஆய்வாளரை அழைத்தார்.

"சார், கெட்டியான படகு ஒண்ணு வேணும். பிரசவ கேஸ்."

"எச்சரிக்கை இருக்கே சார், டோக்கன் தர முடியாதே."

"முன் அனுமதி..." என்று நான் வாயெடுத்தேன். அதிகாரி கையைக் காட்டி அடக்கினார்.

ஆய்வாளர் கொஞ்சம் யோசித்தார். "டோக்கன் கடலுக்குப் போறதுக்குத்தானே? நீங்க கேக்குறது ரோட்டுக்கு. போலீஸ்ல சொல்லி லாரிக்கு வழிவிடச் சொல்லுங்க. நானே படகோட வாரேன்."

என் பணிக்காலம் முழுவதும், ஒரு விதியை இத்தனை மரியாதையாக ஓரம்கட்டியவரை நான் பார்த்ததில்லை.

போலீஸ் ஜீப் முன்னால் வர, மீன் லாரியில் அக்கரைக்கு ஃபைபர் படகு வந்து இறங்கியது; ஆய்வாளர் கூட ஏறிக்கொள்ள, படகோட்டி அதை எங்கள் கரைக்குக் கொண்டுவந்தான். பெண்ணை ஏற்றியதும் தீயணைப்பு வீரர்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் தகப்பன் முன்னால் நடந்து கம்பால் முள்ளைத் தேடினார்.

"ஏலே, இங்கன முள்ளு! அங்கிட்டு ஒடிச்சுத் திருப்பு!"

"மாமா, இது மாட்டுவண்டி இல்ல, கயித்த இழுத்த ஒடனே திரும்ப!" என்றான் படகோட்டி.

"அய்யா, சண்டைய அக்கரைக்குப் போய் வச்சுக்கங்க!" என்று வலியோடு கத்தினாள் பெண். தகப்பன் கம்பை நீட்டிய பக்கம் படகோட்டி படகைத் திருப்பினான்.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் முழங்கால் தண்ணீரில் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி நின்று அவளை வாங்கிக்கொண்டார்கள்.

வண்டி போனபிறகு எல்லாத் துறையும் கலைந்திருக்கலாம். யாரும் நகரவில்லை. "என்னாச்சு?" என்று அதிகாரி ஆம்புலன்ஸுக்குச் செய்தி அனுப்பினார். அதற்குள் டவர் விழுந்திருந்ததால் அது போய்ச் சேரவில்லை. அவர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தார்.

"பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்ற பதில் மறுநாள், கார்த்திகை இரண்டாம் தேதி காலையில் வந்தது.