ஓனர் கிச்சாவும் டெனன்ட் கிச்சாவும்

"ஃபைசான், பாத்ரூம் சுவர்ல ஓதம் ஏறிண்டே போறதுப்பா. போன மாசமே சொன்னேனே" என்று போனில் முறையிட்டுக்கொண்டிருக்கிறார் கிச்சா. ஞாயிறு காலை ஒன்பது மணி, அடையாறு, முதல் மாடி பால்கனி. மறுமுனையில் இருப்பவர் ஹவுஸ் ஓனர். கிச்சாவின் வயதில் சரிபாதி. "பிளம்பர் ஊருக்குப் போயிருக்கார் அங்கிள். வந்த உடனே அனுப்பறேன். டென்ஷன் ஆகாதீங்க."

வைத்த ஐந்தாவது நிமிடம் போன் மறுபடி அடிக்கிறது. இந்த முறை மயிலாப்பூரிலிருந்து இசக்கியம்மாள். அங்கே கிச்சாவின் சொந்த வீட்டில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருந்து ஜாக்கெட் தைப்பவர். "அண்ணாச்சி, சமையக்கட்டுக் குழாய் நிக்காம ஒழுகுது." கிச்சா கண் இமைக்காமல் பதில் சொல்கிறார்: "பிளம்பர் ஊருக்குப் போயிருக்கார்மா. வந்த உடனே அனுப்பறேன். டென்ஷன் ஆகாதேங்கோ."

சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வாடகை வீட்டில் இருப்பது ஏன் என்று கேட்டால், வங்கி வேலையில் முப்பது வருடம் ஊறிய விடை ஒன்று வைத்திருக்கிறார். "சொந்த ஆத்துல பைப் ஒழுகினா நாமன்னா சரிபண்ணணும்? வாடகை ஆத்துல போன் பண்ணினாப் போறும்." சொந்த வீட்டிலிருந்தும் போன் வருகிறதே என்று மனைவி சீதா கேட்பதுண்டு. அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மயிலாப்பூர் குளக்கரையில் இஸ்திரி வண்டிக்காரர், "இன்னா ஓனரே, ஆளையே காணோம்? எங்க சுத்திக்கினு இருந்த?" என்று கூப்பிடுவார். கிச்சாவுக்கு அன்று காபி கூட ருசிக்கும். அடையாறு அடுக்ககக் கூட்டத்தில் செயலாளர் மதிவாணன், "டெனன்ட்ஸ் கருத்து சொல்லலாம். ஓட்டு ஓனர்ஸுக்கு மட்டும்தான்" என்பார். கிச்சா கருத்து சொல்வார், நீளமாகச் சொல்வார். இரண்டு வாடகை ஒப்பந்தங்களையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறார். ஒன்றில் அவர் உரிமையாளர், இன்னொன்றில் வாடகைதாரர். ஓனர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. குடித்தனக்காரர்களைப் பற்றியும் கிடையாது. இரண்டுக்கும் ஆதாரம் வைத்திருக்கிறார்.

சொற்களுக்காக அவர் அலைவதில்லை. ஃபைசான் வாட்ஸப்பில் அனுப்புவதை எடுத்து, 'அங்கிள்' வரும் இடத்தில் 'அம்மா' போட்டு இசக்கியம்மாளுக்கு அனுப்பிவிடுவார். தண்ணீர்த் தட்டுப்பாடு, பெயின்ட், பண்டிகை வாழ்த்து எல்லாம் இப்படித்தான் அடையாறிலிருந்து மயிலாப்பூர் போய்ச் சேரும்.

பிப்ரவரியில் ஃபைசானிடமிருந்து இது வந்தது: "அங்கிள், தங்கச்சி நஸ்ருன்னிசா குடும்பத்தோட சென்னைக்கே வந்துடறா. வீடு எங்களுக்கே தேவைப்படுது. மே மாசத்துக்குள்ள காலி பண்ணிக் கொடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கடைசி வாக்கியத்தை கிச்சா ரசித்தார். பிறகுதான் முன் வாக்கியங்கள் உறைத்தன. இனி மயிலாப்பூருக்குத்தான் போக வேண்டும். அதற்கு இசக்கியம்மாள் காலி செய்ய வேண்டும். அவர் மகள் பூஜா அடுத்த வருடம் பிளஸ் டூ. பள்ளிக்கூடம் தெருமுனையில்.

"பதினோரு வருஷம் இருந்தவாளை போன்லயா போகச் சொல்லுவேள்? நேர்ல போய் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் சீதா.

"நேர்ல போனா காபி கொடுப்பா. அதைக் குடிச்சுட்டு எப்படிடீ சொல்றது?"

ஆகவே வழக்கம்போல அதே செய்தியை அனுப்பினார். இந்த முறை திருத்தாமலே அனுப்பிவிட்டார். அங்கிளும் நஸ்ருன்னிசாவும் அப்படியே போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு டிக்கும் நீலமாயின.

மறுநாள் காலை போன் வந்தது. "அண்ணாச்சி, இந்த வயசுல ஒங்கள வெளிய போகச் சொல்லுதானே, அவம்லாம் ஒரு ஓனரா? நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய. மூணு வீடு பாத்து வச்சிருக்கேன். சாயங்காலம் வந்துருங்க."

"இல்லம்மா, அது வந்து, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"லிஃப்ட் இருக்கு அண்ணாச்சி!"

அடுப்படியில் சீதா சிரித்தார். "போயிட்டு வாங்கோ. கொஞ்சம் பணிவாப் பேசுங்கோ. ஓனர் மாதிரி பேசிடாதேங்கோ."

முதல் இரண்டு வீடுகளை இசக்கியம்மாளே வேண்டாம் என்று தள்ளிவிட்டார். ஒன்றில் காற்று வரவில்லை, மற்றதில் ஓனர் முகம் சரியில்லை. மூன்றாவது வீடு ஆழ்வார்பேட்டையில். ஓனர் ராஜரத்தினம், தியாகராய நகரில் நகைக்கடை வைத்திருப்பவர், வாசலிலேயே சட்டதிட்டங்களை ஆரம்பித்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மொட்டை மாடியில் வடாம் கூடாது. விருந்தாளிகள் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது. எல்லாம் கிச்சா தம் கையால் எழுதிக் கொடுத்தது போலவே இருந்தது.

"இவியளுக்கு ஆணி அடிக்கவே வராது. நான் கேரண்டி" என்றார் இசக்கியம்மாள்.

"நீங்க யாரும்மா இவருக்கு?"

"நானா? இவிய வீட்லதான் குடியிருக்கோம். இவிய எங்க ஹவுஸ் ஓனர்."

ராஜரத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார் இது? சொந்த வீடு இருக்கில்ல? பேசாம அங்கயே போயிரலாமே?"

இந்தக் கேள்வி இசக்கியம்மாளுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை போலிருக்கிறது. மெதுவாகத் திரும்பி கிச்சாவைப் பார்த்தார்.

"அங்க மனுஷா இருக்காளே சார்" என்றார் கிச்சா.

சொல்லிவிட்டு, இசக்கியம்மாளுக்குப் பின்னால் அரை அடி தள்ளிப்போய் நின்று, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டார்.