லூர்துராஜுக்கு வந்த தலைக்கனம்

மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த லூர்துராஜைப் போலப் பணிவான மனிதர் கிடையாது என்பார்கள். எதிரே யார் வந்தாலும் அவர் தலை முதலில் போய் வணங்கும். உடம்பு சற்றுப் பின்னால் வந்து சேரும். தாளாளர் சாமியார் பிரசங்கத்தில் தாழ்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "நம்ம லூர்துவைப் பாருங்க" என்று கை நீட்டுவார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தலைமை எழுத்தர் ஓய்வு பெறப் போனார். அந்த நாற்காலி லூர்துராஜுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் ஆசைதான். ஆசை என்ன, வெறி. தாழ்ச்சியுள்ளவர் என்று பெயரெடுத்துவிட்டதால் வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்து வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. மனைவி சகாயமேரி அவரை அரசரடியில் பிசியோதெரபி பார்க்கும் ஜெரால்டிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஜெரால்டின் அறையில், கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு ஒன்று விட்டத்திலிருந்து தொங்கியது. லூர்துராஜின் காதோரம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு, தோள் முனையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, நூலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இரண்டு பொட்டும் ஒரே நூலில் நிற்க வேண்டுமாம். தோள் நூலில் நின்றது. காது நூலைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அப்புறம் முதுகைச் சுவரில் ஒட்டி நிற்கச் சொன்னான். பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் தாராளமாக நுழைந்தது.

"அண்ணே, ஒங்களுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி."

லூர்துராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி, என்னைய யாருமே இப்பிடிச் சொன்னதில்ல."

"ஐயய்யோ, திமிரச் சொல்லலைண்ணே! தலையோட கனம். தலை முன்னால போகப் போக பாரமெல்லாம் கழுத்துல ஏறி, கைக்குப் போற நரம்ப நசுக்குது. இப்பிடியே விட்டா டைப் அடிக்கக் கை வராது. தாடைய உள்ள இழுத்து நிமிந்து பழகுங்க."

லூர்துராஜ் சொன்னபடி செய்கிற ஆள். அலுவலகத்தில், பஸ்ஸில், கோயிலில், எங்கேயும் தாடையை உள்ளே இழுத்தபடியே இருந்தார். முகம் அழுகின கருவாட்டை மோந்தவர் முகம் மாதிரி ஆனது.

"என்ன சார், எம்மேல நாத்தமா அடிக்குது?" என்று வாட்ச்மேன் பேயாண்டி கோபித்துக்கொண்டான்.

கழுத்து நிமிர்ந்தது, கை சரியானது, பேர் கெட்டது. தலையில் கனம் இருந்தவரை பணிவானவர் என்றவர்கள், கனம் இறங்கியதும், "லூர்துக்குத் தலைக்கனம் வந்திருச்சு" என்றார்கள். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

"என்னங்க, தாளாளர் சாமி முன்னாடியாவது பழையபடி குனிஞ்சுக்கங்களேன். வேலை போயிரும்" என்று சகாயமேரி கெஞ்சினாள். குனிந்து பார்த்தார். கை மறுபடி மரத்தது.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். இத்தனை வருஷமும் லூர்துராஜ் பார்த்தது சாமியாரின் செருப்பைத்தான். இன்றுதான் முகத்தைப் பார்த்தார். பார்த்தால், சாமியார் இவரைவிடக் குள்ளம்! காதும் தோளைவிட்டு வெகுதூரம் முன்னால் நின்றது.

"என்ன லூர்து, நீ ரொம்ப மாறிட்டதாச் சொல்றாங்க?"

யோசித்து வைத்திருந்த பதிலெல்லாம் மறந்துபோயிற்று. நிஜமான அக்கறையில் சொன்னார்: "தோத்திரம் சாமி. தப்பா நெனைக்காதீங்க, எனக்கு இருந்தது போயிருச்சு. இப்ப ஒங்களுக்குத்தான் தலைக்கனம் ஜாஸ்தி."

நாற்காலி வேறொருவருக்குப் போனது. அன்று லூர்துராஜ் சாப்பிடவில்லை. வாய்விட்டு அழுதார். குனிந்தால் கை மரக்கும் என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்தே அழுதார்.

தவக்காலத்தில் ஒருநாள் சாமியார் அவரை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். "பூசையில கையத் தூக்க முடியல லூர்து. அன்னைக்கு என்னமோ சொன்னியே, அத எப்பிடி அளக்குறது?"

லூர்துராஜ் அவரைச் சுவரோரம் நிறுத்தித் தலைக்குப் பின்னால் கையை விட்டார். விரல்கள் போயின. உள்ளங்கை முழுசும் போனது. லூர்துராஜின் நாற்காலியைப் பறித்த தலை.

"எம்புட்டு இருக்கு?" சாமியார் கேட்டார்.

"ரெண்டு விரல்தான் சாமி. சரியாயிரும். ஜெரால்டு தம்பிகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் லூர்துராஜ், தலை குனியாமல்.