எங்கள் வள்ளம் கவிழ்ந்த நாள்

எங்கள் தீவில் நான் படிப்பிக்கிற பாடசாலையில் காலைக் கூட்டத்தில் தேவாரமும் செபமும் முடிந்ததும் ‘வரலாற்றில் இன்று’ வாசிக்க வேண்டும். வரலாறு படிப்பிக்கிறபடியால் அந்த வேலை என் தலையில். கைபேசியில் தேடி நாலைந்து வரி எழுதி, அதிபரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒலிபெருக்கியில் வாசிப்பேன். எங்கோ ஒரு அரசன் முடிசூடினான், எங்கோ ஒரு கப்பல் மூழ்கியது. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒருவர் ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு சமைக்கும் அக்கா. ஒருநாள் குசினி வாசலில் என்னை மறித்தார்.

“ரீச்சர், ஆரின்ரையோ கப்பல் கடலிலை தாண்டதையெல்லாம் வாசிக்கிறீர். எங்கட மனுசன்ர வள்ளம் தாண்டதும் ஒருநாள்தானே? அதை வாசிக்கேலாதோ?”

அந்த வள்ளத்தில் நானும் இருந்தேன்.

சண்டைக்குப் பயந்து சனம் தீவை விட்டு வெளிக்கிட்ட காலம். பாலத்தால் போக வழியில்லை. எங்கள் ஊரான சரவணையிலிருந்து எங்கள் குடும்பமும் அயலட்டையும் அக்காவின் கணவருடைய வள்ளத்தில் ஏறினோம். நடுவில் காற்றுப் பிடித்து வள்ளம் கவிழ்ந்தது. எனக்கு ஏழு வயது. அவர்தான் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி, கவிழ்ந்த வள்ளத்தின் மேல் போட்டார். பிறகு என் அப்பாவைத் தேடித் திரும்ப நீந்தினார். இரண்டு பேரும் வரவில்லை.

அம்மாவுக்கு ஆற்றாமை. “கண்டபடி ஆக்களை ஏத்தி என்ர மனுசனைச் சாகடிச்சுப்போட்டான்” என்று போகிற இடமெல்லாம் சொன்னார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவர் திரும்பிப் போனதைக் கண்டது நான் மட்டும்தான். சின்னப்பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. வளர்ந்த பிறகு, அம்மாவோடு பிரச்சினை வேண்டாமென்று வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா செத்த பிறகும் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அக்கா சமைத்ததை அதே பாடசாலையில் ஆறு வருடமாகத் தின்றுகொண்டும்!

அன்றே எழுத முடிவெடுத்தேன். அப்பாவின் திவசம் அடுத்த மாதம் வந்தது. அன்று காலை நாலு வரி எழுதி அதிபரிடம் நீட்டினேன். அவர் சிவப்புப் பேனையை எடுத்து, குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

“இதென்ன வரலாறோ? குடும்பக் கதை.”

“கப்பலிலை செத்ததுகளுக்குக் குடும்பம் இல்லையோ சேர்?”

“விசர்க்கதை கதையாதேயும். அதோட நாளும் பிழை. வள்ளக்காரரின்ர பூசைக்கு அக்கா அடுத்த கிழமையெல்லோ லீவு கேட்டிருக்கிறா?”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நாங்கள் சைவர்கள், திதி பார்த்துத் திவசம் செய்கிறவர்கள். பஞ்சாங்கத்தில் ஐயர் குறித்துத் தருகிற நாள் வருடத்துக்கு வருடம் மாறும். அக்கா வேதக்காரர். தேதி பார்த்துத் தேவாலயத்தில் பூசை கொடுப்பார். ஊரெல்லாம் தேதி கேட்டுப் பரீட்சை வைக்கிற நான், என் அப்பா செத்த தேதியை ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. கோதாரி, நானும் ஒரு வரலாற்று ரீச்சர்!

குசினிக்குப் போய் அக்காவிடம் தேதியைக் கேட்டேன். கரண்டியைக் கீழே வைக்காமலே, வருடத்தோடும் கிழமையோடும் சொன்னார்.

அந்தத் தேதிக்கு முதல்நாள் மறுபடி அதிபரிடம் போனேன். இப்போது நாள் சரி. ஆனால் அவருக்கு வேறு பயம்.

“சண்டைக்காலக் கதை ஏனெண்டு மேலிடத்திலை ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது? உமக்கு இடமாற்றம் வரும், தெரியுமோ?”

சிரிப்பு வந்துவிட்டது. “தண்டனை எண்டு சொல்லித் தீவுக்குத்தானே சேர் அனுப்புறவை. தீவிலை இருக்கிறவளை எங்கை அனுப்புவினம்? அனுப்பட்டும்.”

அவர் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் கையெழுத்தில்லாத தாளோடு மேடையில் ஏறினேன். அக்கா லீவு நாளிலும் காலைப் பூசை முடிந்து நேரே வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் முக்காடோடு நின்றார். இரண்டாவது வரியில் ஒலிபெருக்கி செத்தது. திரும்பிப் பார்த்தேன். அதிபரின் கை சுவிட்சில் இருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைவரைக்கும் ஏறியது. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் இருத்துகிற தொண்டை எனக்கு, ஒலிபெருக்கி ஆருக்கு வேணும்? ஊர்காவற்றுறைக்குப் போற பஸ்ஸில் இருக்கிற சனத்துக்கும் கேட்கட்டும் என்று முதலிலிருந்து கத்தி வாசித்தேன்.

“இன்று, இந்த ஊர்ச் சனத்தை ஏற்றிச் சென்ற வள்ளம் கவிழ்ந்தது. வள்ளக்காரர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். ஏழு வயதுப் பிள்ளை ஒன்றைக் காப்பாற்றினார். அவர் கரைக்கு வந்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் தகப்பனைத் தேடித் திரும்பிப் போனார். அந்தப் பிள்ளை நான்.”

பிறகு இரண்டு பேருடைய பெயரையும் வாசித்தேன். ஒரு பிள்ளைகூடக் கொட்டாவி விடவில்லை. அதிபர் சுவிட்சிலிருந்து கையை எடுத்திருந்தார்.

அக்கா பிள்ளைகளை விலக்கிக்கொண்டு வந்தார். கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அவர் திரும்பிப் போனது உமக்குத் தெரியுமோ?”

“ஓம் அக்கா.”

“என்ர பிள்ளையள் கொலைகாரன்ர பிள்ளையள் எண்டு பேச்சு வாங்கி வளந்ததுகள். அப்பவும் தெரியுமோ?”

“ஓம்.”

அக்கா தாளை வாங்கி மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“அப்ப ஒரு நாள் வாசிச்சுக் காணாது,” என்றார். “உங்கட திதிக்கும் வாசியும். எங்கட தேதிக்கும் வாசியும். நான் சாகுமட்டும் வாசியும்.”

வாசிக்கிறேன். இன்னும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.