முக்கால் டாக்டர் மூடிய புண்

முக்கால் டாக்டர் என்ற பேரை நான் முதலில் கேட்டது ஒரு லிஃப்டுக்குள். ஆடுகிற பல்லைக் காட்டலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாளியோடு ஏறின துப்புரவுக்கார அம்மா பக்கத்தில் நின்ற இன்னொருத்தியிடம், "முக்கால் டாக்டர் இன்னிக்கு என்ன சொன்னாரு தெரியுமா? வழியில வாளியை வைக்காதே, நான் பேஷண்ட் பாக்கப் போகணும்ங்கிறாருடி" என்றாள்.

"பேஷண்டை அவரு பாக்குறாரா? நல்லா இருக்கே! அவரைத்தான் யாராவது டாக்டர் பாக்கணும்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் என் செருப்பை நனைத்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், யார் எவர் என்று தெரியாமலே. அடுத்த வருஷம் அந்த முக்கால் டாக்டர் என் தங்கச்சிக்கு மருமகனாக வந்து சேர்ந்தான்.

நேரில் பார்த்தால் நானும் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றுதான் சொல்வேன். எழுதுகிற இடத்தில் 'அவன்'தான். இதற்கு மேல் மரியாதை என் பேனாவுக்கு வரவில்லை.

அவன் வம்சமே எனக்குத் தெரியும். அவன் அப்பாவின் சித்தி எங்கள் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. அரை மூட்டை வெங்காயம் வாங்கினால் மொத்த வியாபாரம் ஆரம்பித்துவிட்டதாகச் சொல்கிற பொம்பளை. அவன் பெரியப்பா ஒருத்தர் கோர்ட் வாசலில் டைப் அடித்துக்கொண்டு, வீட்டில் "இன்னிக்கு ஒரு கேஸை முடிச்சேன்" என்பார். அந்த ரத்தம்தானே இவன் உடம்பிலும் ஓடுகிறது?

அவனுக்கு வேலை புண் கட்டும் பிரிவில். தரைத்தளத்தில் எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் கடைசிக் கதவு. உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு போட்ட மூன்று கட்டில், கால் தூக்கி வைக்க ஸ்டூல், சக்கரம் வைத்த டிரேயில் உப்புத் தண்ணீர் பாட்டில், கத்தரி, துணி, பஞ்சு. ஜன்னலை எவ்வளவு திறந்து வைத்தாலும் அந்த அறைக்கு ஒரு வாடை உண்டு. அதை நடத்துகிறவர் பெரிய சிஸ்டர். குட்டையான உருவம். குரலுக்கு மட்டும் மாடி வரை எட்டும் உயரம். பழைய கட்டை நனைத்துப் பிரிப்பது, புண்ணைக் கழுவுவது, நீள அகலத்தைக் காகித நாடாவால் அளப்பது, மழுங்கின முனையுள்ள கம்பியை மெதுவாக விட்டு ஆழம் பார்ப்பது, பார்த்ததைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் புதுக் கட்டு போடுவது, இதெல்லாம் அவன் வேலை. சர்க்கரை வியாதிக்காரர் காலில் புண்ணைச் சுற்றித் தோல் காய்த்துக் கெட்டியாகும். அதைச் செதுக்கி எடுப்பது சிஸ்டர் வேலை. செதுக்காமல் விட்டால் மேல்தோல் ஓடிவந்து மூடிக்கொள்ளும், அடியில் குழி அப்படியே இருக்கும். ஆழம் பார்க்காமல் எந்தப் புண்ணும் ஆறிவிட்டது என்று சொல்லக் கூடாது, அதுதான் அந்த அறையின் சட்டம்.

கௌரவமான வேலைதான், இல்லை என்று யார் சொன்னது? நாலு பேர் மூக்கைப் பொத்துகிற இடத்தில் கையை வைக்கிற வேலை. அவனுக்கு அந்தக் கௌரவம் போதவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவான், முடிவெட்டப் போவான். அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவன் வெட்ட வெயிலில் கோட்டு மாட்டினான். எங்களோடு சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கையால் பிசைந்துகொண்டே மறு கையால் போனில் புண் படங்களை நீட்டுவான். "இது முன்னாடி, இது பின்னாடி. பாருங்க, நான் மூடினது." எங்கள் கொழுந்தன் ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

கை லேசான கை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுக் குழந்தை வெந்நீரில் கையைச் சுட்டுக்கொண்டபோது, அழ விடாமல் கட்டு மாற்றினான். அவன் கட்டினால் கால் கட்டா, பரிசுப் பொட்டலமா என்று சந்தேகம் வரும், அத்தனை அழகு. "பெரிய சிஸ்டர் நோண்டுவாங்க, அந்தத் தம்பி நோகாம கட்டுவாரு" என்று வரிசையில் அவனுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் புகழ்தான் அவனைக் கெடுத்தது. "ஆ" என்று யாரும் கத்திவிடக் கூடாதே என்று கம்பியைப் பட்டும் படாமலும் வைத்தான். பிறகு சிஸ்டர் திரும்பின நேரம் பார்த்து, வைக்காமலே விட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கச்சியின் காலில் புண் வந்தது. அவளுக்கு வெகுநாளாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் கிடந்ததே தெரியாமல் ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறாள். கட்டை விரலுக்கு அடியில் குழி விழுந்துவிட்டது. முதல் இரண்டு தடவை நான்தான் அழைத்துப் போனேன். பெரிய சிஸ்டர் தோலைச் செதுக்கினார், கம்பி விட்டுப் பார்த்தார், "ஆழம் இருக்கும்மா, அவசரப்படக் கூடாது" என்றார். மூன்றாவது தடவை மாப்பிள்ளை வழியை மறித்தான்.

"அத்தை, நீங்க எதுக்கு வரிசையில உக்காரணும்? எனக்குத்தானே அவமானம்? சிஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வீட்டுக்கே வந்து கட்டுறேன்."

என் தங்கச்சிக்கு முகமெல்லாம் பல். நான் மேல் மாடியில் குடியிருக்கிறேன். அவன் வரும்போதெல்லாம் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கழுவினான், துடைத்தான், பொட்டலம் கட்டினான். கம்பியைக் காணோம்.

"அந்தக் கம்பியை விட்டுப் பாக்கலியா மாப்பிள்ளை?"

"அது புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு, பெரியத்தை. எனக்குக் கண்ணே கம்பி."

"கண்ணு புண்ணுக்குள்ள போகுமா?"

"உங்களுக்கு டிவியில சீரியல் ஆரம்பிச்சிருக்கும், போய்ப் பாருங்க."

அவன் போனதும் தங்கச்சி என் மேல் பாய்ந்தாள். "அக்கா, உன் வாய்க்கு ஒரு கட்டு போடச் சொல்லட்டுமா? எனக்கு இருக்கிறது ஒரே மக. அவரு கோவிச்சுக்கிட்டா நான் எங்க போய் நிப்பேன்?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை விரலை வெட்டிக்கொண்டு தெருமுனை கிளினிக்கில் கட்டு போட்டுக்கொண்டாள். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?" என்று குதித்தவன், பெண்டாட்டியை மாசக்கணக்கில் இந்தப் பக்கம் விடவில்லை. மகளும் போனில் கூடச் சுருக்கமாகத்தான் பேசினாள். அந்த மாசங்களில் என் தங்கச்சி பாதியாக இளைத்துப் போனாள். அதனால் இப்போது காலா மகளா என்றால், மகள் என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப்பில் அவள் பாதத்தின் படம் வந்தது. அடியில், "அத்தையின் புண் பூரணமாக மூடப்பட்டது" என்று கல்வெட்டு மாதிரி எழுத்து. வெளிநாட்டிலிருக்கிற என் நாத்தனார் மகன் கைதட்டுகிற பொம்மை அனுப்பினான். கிழவர்கள் எல்லாரும் கும்பிடு போட்டார்கள். நானும் ஒரு பூவை அமுக்கினேன், என்ன செய்வது?

உள்ளே புண்ணை வைத்து மேலே புனுகு பூசின கதை அது என்று சீக்கிரமே தெரிந்தது. தங்கச்சியின் காலுறையில் ஈரம். பாதத்தைத் தொட்டால் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி சுட்டது. புறங்கால் பளபளவென்று வீங்கி இருந்தது. அவளுக்கு வலி தெரியவில்லை, அதுதான் அந்த வியாதியின் சூது. "ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா" என்றால், "மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்றாள்.

வந்தான். காலுறையைக் கழற்றினான். மூக்கைச் சுளித்தான்.

"என்ன அத்தை, காலை ஒழுங்கா கழுவுறதில்லையா? செருப்பு வாடை."

அந்த அறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினவனுக்குச் சீழ் வாடை எது, செருப்பு வாடை எது என்று தெரியாதா? தெரியும். தெரிந்தால் அவன் போட்ட படம் பொய்யாகிவிடும். அதற்காக மூக்கையே பொய்யாக்கிக்கொண்டான். ஏதோ களிம்பைத் தடவி, பவுடரைத் தூவி, மறுபடி ஒரு பொட்டலம் கட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் தங்கச்சிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. டாக்சியை வரவழைத்தேன், அவள் மகளுக்குப் போன் போட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

கடைசிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் அவன்தான் நின்றான். கையில் கத்தரி. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கோட்டுக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய சிஸ்டர் அவனை ஒதுக்கிவிட்டுக் கட்டைப் பிரித்தார். காய்த்த தோலைக் கொஞ்சம் செதுக்கினதுதான், உள்ளே இருந்தது குபுக்கென்று டிரேயில் கொட்டியது. கம்பியை விட்டார். விட்டுக்கொண்டே போனார். எலும்பில் முட்டின சத்தம் எனக்கே கேட்டது.

"ஆழம் இருக்குன்னு சொல்லித்தானே அனுப்பினேன்? அப்புறம் யாரு பாத்தது இதை?"

தங்கச்சி கூரையைப் பார்த்தாள். அப்போது அவன் சொன்னதைக் கேளுங்கள்.

"சிஸ்டர், நான் சரியாத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நடுவுல இவங்க, பெரியத்தை, ஏதோ இலையை அரைச்சு வச்சுக் கட்டிட்டாங்க. பழைய காலத்து ஆளுங்க, சொன்னா கேக்க மாட்டாங்க."

இலையாம்! எங்கள் கட்டிடத்தில் பச்சையாக இருப்பது கதவுப் பெயின்ட் மட்டும்தான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் வாய் அடைத்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. நான் ஏதாவது சொல்லி, அதனால் மகள் போக்குவரத்து நின்றுபோனால் தங்கச்சி என்னை மன்னிப்பாளா? அவள் கண் "வேண்டாம்க்கா" என்று கெஞ்சியது.

பேசினது மகள். வாசலருகே கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றவள், அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சிஸ்டர், பெரியம்மா தொடவே இல்லை. இவருதான் வீட்டுல வச்சுக் கட்டினாரு. ஒரு தடவை கூட ஆழம் பாக்கலை. நேத்து சீழ் வாடை அடிச்சப்பவும் பவுடர் போட்டுட்டு வந்தாரு, வந்து எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சாரு."

"ஏய், உனக்கென்ன தெரியும்?" என்றான் அவன்.

"எங்கம்மா கால் தெரியும்."

தங்கச்சி அழுதுகொண்டே, "ஏண்டி இப்படிப் பேசுறே, உன்னை அனுப்ப மாட்டாரேடி" என்றாள்.

"யாரு யாரை அனுப்புறது? எனக்குக் கால் இல்லையா? உன் காலைக் கொடுத்துத்தான் நான் வந்து போகணும்னு எப்பம்மா சொன்னேன்?"

அன்று மத்தியானமே அறுவை. கட்டை விரலும் பக்கத்து விரலும் போயின. பாதம் தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார், முழு டாக்டர். அதற்குள் நம் ஆள் உறவுக்காரர்களுக்குப் போன் போட்டு, "நல்ல நேரத்துல நான் டியூட்டியில இருந்தேன், காலைக் காப்பாத்திட்டோம்" என்று சொல்லிவிட்டான். பாதிப்பேர் நம்பவும் நம்பினார்கள். எங்கள் கொழுந்தன் மட்டும், "விரலை எங்க மூடி வச்சிருக்காரு?" என்று கேட்டார்.

பெரிய சிஸ்டர் அதோடு விடவில்லை. அவன் ஆறிவிட்டது என்று அனுப்பின கால்களையெல்லாம் திரும்ப வரவழைத்துக் கம்பி விட்டுப் பார்த்தார். இன்னும் சிலருக்கும் அடியில் குழி. நிர்வாகம் கோட்டைக் கழற்றச் சொன்னது. கழற்றும்போதும் பட்டன் ஒவ்வொன்றாக, யாரோ படம் எடுப்பதுபோலக் கழற்றினானாம். லிஃப்டில் பார்த்த அந்தத் துப்புரவுக்கார அம்மாதான் எனக்குச் சொன்னாள். இப்போது நாங்கள் ரொம்பப் பழக்கம்.

மகள் அவனை விட்டுப் பிரியவில்லை. ஏன் என்று கேட்டால், "நான் பாத்துக்கிறேன் பெரியம்மா" என்பாள். வாராவாரம் அம்மாவைப் பார்க்க வருகிறாள், யார் அனுமதியும் கேட்பதில்லை. தங்கச்சி மெத்தை வைத்த செருப்பு போட்டுச் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். இன்றைக்கும் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்கிறாள், பாவி மனுஷி.

அவன் இப்போது ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் ஒரு மருந்துக்கடையில், சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் செருப்பு அளவெடுத்து விற்றுக்கொண்டிருக்கிறான்.