ஆறாவது கால்

லாரல் ஓடைப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய டெல்மர் ஸ்டிதத்துக்குக் கெட்ட பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. குடிக்க மாட்டார், சீட்டைத் தொட மாட்டார், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போய்விடுவார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் சாப்பாட்டு நினைப்பே வராது. பழைய காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கிகளை அங்கே தம் கையாலேயே செய்துகொண்டிருந்தார். விற்பதற்கு இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடித்து, சுவரில் மாட்டி, அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பார். அவருக்கு அது போதும்.

செய்வதுதான் அவர். சுடுவது மனைவி வெர்லீன். நவம்பர் கடைசியில் ஹோபார்ட் காடிலின் மேய்ச்சல் நிலத்தில், மாட்டுக்கறியைப் பரிசாக வைத்து மாட்டுப் போட்டி நடக்கும். நெருப்பில் கருக்கிய பலகையில் வெள்ளைக் காகிதம் ஒன்றைக் குத்தி, பட்டுப்போன ஒரு பெரிய ஓக் மரத்தில் அதைச் சாத்திவைத்துச் சுடுவார்கள். நடுவுக்குப் பக்கமாகச் சுட்ட நாலு பேருக்கு மாட்டின் நாலு கால் பங்கு. அடுத்தவனுக்குத் தோலும் கொழுப்பும்; அதற்கு ஐந்தாவது கால் என்று பெயர். அதற்கும் அடுத்தவனுக்கு, அன்று எல்லோரும் சுட்டு மரத்துக்குள் புதைந்து கிடக்கும் ஈயம். அதுதான் ஆறாவது கால். அதை வாங்கிப் போகிறவனை வருஷம் பூராவும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார்கள். வெர்லீன் பெரும்பாலும் நல்ல பின்னங்காலோடுதான் வீடு திரும்புவாள். ஊரில் அவளுக்குப் பேரே பின்னங்கால் வெர்லீன்.

பிப்ரவரியில் ஒரு காலை, சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. பக்கவாதம். ஆண்டவர் கிருபையால் உயிர் தங்கியது. பேச்சும் மெதுவாகத் திரும்பியது. ஆனால் வலது கையில் பிடிமானம் இல்லை, வலக்கண் மங்கல், வாயின் வலது ஓரம் கீழே இறங்கிவிட்டது.

அந்த வாய்தான் அவளை வீட்டுக்குள் அடைத்தது. சிரிப்பு வந்தால் கையால் மூடிக்கொண்டாள். அப்புறம் சிரிப்பதையே விட்டுவிட்டாள். சபைக்கும் போவதில்லை. சபைச் சகோதரிகள் ஆப்பிள் பணியாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள்.

"தூங்குறா, சிஸ்டர். இப்பதான் கண் அசந்தா," என்பார் டெல்மர், வாசலை மறைத்து நின்றுகொண்டு.

பொய் சொல்லிப் பழகாத மனுஷன். அவர்கள் கார் திரும்பிப் போன பிறகு, ஒவ்வொரு தடவையும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்.

மலையெல்லாம் பச்சை திரும்பிய ஒரு நாள், சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"நவம்பர் போட்டிக்கு வர்றியா?"

"எந்தக் கையால?"

"இடது கை நல்லாத்தானே இருக்கு. எப்படியும் குழலை மரத்துண்டு மேல சாத்தி வச்சுத்தானே சுடுறோம்."

"உன் துப்பாக்கியை இடது தோள்ல வச்சா பொறி பூராவும் என் முகத்துலதான் அடிக்கும். இருக்கிறது ஒரு கண்ணு. அதையும் குடுத்துரவா?"

"பொறி அந்தப் பக்கம் அடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சா?"

வெர்லீன் தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு சொன்னாள்: "செய். அது என் கன்னத்துல ஒழுங்கா உக்காந்தா வர்றேன். உக்காரலைன்னா, போட்டிக்கு வா, சபைக்கு வான்னு அப்புறம் என்னை நச்சரிக்கக் கூடாது. சரியா?"

"சரி."

சரி என்றுவிட்டுக் கொட்டகைக்குப் போனார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் பணயம் வைத்துவிட்டார்.

புலிவரி போட்ட மேப்பிள் பலகை ஒன்றைக் கட்டிலுக்கடியில் வருஷக்கணக்காகக் காயப் போட்டிருந்தார். வெர்லீன் அதில் கால்விரலை இடித்துக்கொண்டு திட்டாத வாரமே கிடையாது. துப்பாக்கிக் கட்டைக்கு அதை எடுத்தார். பொறி அடிக்கும் இரும்புப் பூட்டு எப்போதும் துப்பாக்கியின் வலது பக்கம் இருக்கும். இடது பக்கத்துக்கென்று ஒன்றை ஆள் பிடித்துச் செய்ய வைத்தார். இரும்பில் விளக்குக்கரியைப் பூசி மரத்தில் அழுத்துவது, கரி ஒட்டின இடத்தை உளியால் சுரண்டுவது, மறுபடி அழுத்துவது. மரமும் இரும்பும் மயிரிழை விடாமல் பொருந்தும்வரை இதுதான் வேலை. சாப்பிட வரும்போது மூக்கிலும் காதிலும் கரி இருக்கும்.  வெர்லீன் ஈரத்துணியைத் தள்ளி வைப்பாள்.

எல்லாமே தலைகீழ். கண்ணாடியைப் பார்த்துச் சட்டைப் பொத்தான் போடுவது போல இருந்தது. தொடும் முன்னால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் தொட்டார். பூட்டு பொருந்தியது, குழல் பொருந்தியது. அக்டோபரில் கட்டையின் பின்பக்கத்தைச் செதுக்க உட்கார்ந்தார். முகம் சாய்க்கும் பக்கத்தில், கன்னம் வைக்க ஒரு மேடு விட வேண்டும். அது அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை. பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே இழுகத்தியை ஓட்டினார். சுருள் சுருளாக மரம் விழுந்தது. மனசு பாட்டில் லயித்துவிட்டது. கை, தான் இத்தனை வருஷமாகச் செய்த வேலையைச் செய்தது.

தூளை ஊதிவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேடு அழகாக வந்திருந்தது, இடது பக்கத்தில். இடது தோளில் வைக்கும் வெர்லீனின் கன்னம் படவேண்டிய வலது பக்கம் வழித்துவிட்ட மாதிரி தட்டையாகக் கிடந்தது.

வெட்டின மரத்தை ஒட்ட முடியாது. வேறு கட்டை செய்ய நாளும் இல்லை. டெல்மர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மரச்சுருளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜெபிக்கக் கூட வாய் வரவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போவார், சும்மா உட்கார்ந்திருப்பார், வந்து சாப்பிடுவார். இப்படிச் சில நாள் போயிற்று. ஒரு மத்தியானம் பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. வியாதி வந்ததிலிருந்து வீட்டின் பின்படிகளில் இறங்காதவள் கொட்டகை வாசலில் நின்றாள்.

"நீ எப்படி வந்தே?"

"நடந்துதான். உன் மூக்குல கரியே காணோமே. வேலை முடிஞ்சா நீயே சொல்லியிருப்பே. சொல்லலை. அப்போ என்னமோ ஆயிடுச்சு. குடு இங்க."

மறுக்க முடியாமல் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து குழலை மேஜைமேல் சாத்தி, கட்டையை இடது தோளில் அணைத்தாள். வலுவில்லாத வலக்கை குழலின்மேல் கிடந்தது. கன்னத்தைச் சாய்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி சாய்த்தாள்.

"இங்க ஒரு மேடு இருக்கணுமே?"

"இருக்கு."

"எங்கே?"

"அந்தப் பக்கம்."

அவள் எட்டிப் பார்த்தாள்.  பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று டெல்மர் பதறி எழுந்தார். அழவில்லை. இரண்டு கையிலும் துப்பாக்கி இருந்ததால் வாயை மூட முடியாமல், கோணலாக, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இடது எது, வலது எதுன்னு தெரியாத ஆளு. உன்னை நம்பியா ஊர்ப் பிள்ளைங்களை பஸ்ல ஏத்தி விட்டாங்க?"

"வெர்லீன், நான் வேற பலகை…"

"எதுக்கு? எனக்கு நல்லா இருக்கிற கன்னம் இந்த இடது கன்னம்தான். உப்பலா இருக்கு பாரு. மேடு என்கிட்டயே இருக்கு. நீ அங்க வேற ஒண்ணு வச்சிருந்தா முட்டியிருக்கும்." திரும்பவும் கன்னத்தைச் சாய்த்தாள். "உக்காருது, மனுஷா. நல்லாவே உக்காருது."

அது நிஜமா, அவர் மனசுக்காகச் சொன்னதா, டெல்மருக்குத் தெரியாது. பிறகும் அவர் கேட்கவில்லை.

போட்டியன்று புல்லெல்லாம் உறைபனி. ட்ரக்கிலிருந்து வெர்லீன் தடியோடு இறங்கியதும் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது.  ஹோபார்ட்தான் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன பிரதர் டெல்மர், மேடு இந்தப் பக்கம் இருக்கு? எதிர்க்க நிக்கிறவன் கன்னம் வைக்கிறதுக்கா?"

டெல்மர் வாய் திறப்பதற்குள் வெர்லீன் சொன்னாள்: "உனக்காகச் சொல்லிச் செஞ்சதுதான், ஹோபார்ட். நான் சுடும்போது வந்து அதுல கன்னத்தை வச்சுக்கோ. பொறி அந்தப் பக்கம்தான் பறக்கும்."

அங்கே இருந்தவர்கள் சிரித்ததில் பக்கத்து வேலியில் இருந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன.

டெல்மர் மருந்து கெட்டித்துக் கொடுத்தார். முதல் தடவை பூட்டின் குதிரை விழுந்து, கல் பொறி தெறித்து, பூட்டோரச் சின்னக் கிண்ணியிலிருந்த மருந்து மட்டும் புஸ்ஸென்று எரிந்து அடங்கியது. உள்ளே பற்றவில்லை. 

"தும்மல் போடுது. குளிருதுல்ல," என்றாள் வெர்லீன், தலை தூக்காமலே. "தொளையைக் குத்திவிடு."

அவர் ஊசியால் துளையைக் குத்தி, கிண்ணியில் புது மருந்து போட்டார். அடுத்த தடவை பள்ளத்தாக்கே அதிர்ந்தது.

சாயங்காலம் ஹோபார்ட் முடிவைச் சொன்னான். நாலு காலும் யார் யாருக்கோ போயின. தோலும் போயிற்று. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஆறாவது கால்… பின்னங்கால் வெர்லீனுக்கு."

சிரிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் நின்றார்கள். வெர்லீன் ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்து துப்பாக்கியை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தது அவள்தான். கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிறகு சபைச் சகோதரிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹோபார்ட் கோடாரியை எடுத்து ஓக் மரத்தைப் பிளந்து, நசுங்கிப்போன ஈயத்தை ஒரு காப்பி டப்பாவில் நிறைத்துக் கொண்டுவந்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது டப்பா அவள் மடியில் இருந்தது. ட்ரக் குலுங்கும்போதெல்லாம் கலகலத்தது.

"இதை உருக்கினா அடுத்த வருஷத்துக்குக் குண்டு ஆச்சு," என்றாள்.  பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை சபைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து கிளம்பும் நேரம் ஒன்றுதான். அவளுக்குத் தெரியாததில்லை.

"ஒன்பதரைக்கு," என்றார் டெல்மர், சாலையிலிருந்து கண் எடுக்காமல். ஏதோ அவள் புதிதாகக் கேட்டதைப் போல.