சாமைக் காட்டில் ஓடிய நெபுலைசர்

வேங்கிக்காலில் காலை வேளையில் ஒரு மஞ்சள் வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தால், பிள்ளைகள் வாயில் இட்லியோடு ஓடி வருவார்கள். இன்னொரு ஹாரன் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வேனை ஓட்டுகிறவர் என் பெரியம்மா தனம். கலெக்டர் ஆபீஸ் வளைவில் பஸ்காரர்களுக்குச் சரிக்குச் சரி பதில் கொடுப்பவர். அந்த வாயை அடைக்கக்கூடியது வீசிங் ஒன்றுதான்.

அதற்காகக் காலையும் மாலையும் நெபுலைசர் வைத்துக்கொள்வார். டப்பா போன்ற சின்ன மெஷின். மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும். அது கரண்டில் ஓடுவது. ஆகவே பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் பெரியம்மா இரவு தங்கியதே இல்லை.

தீபாவளி முடிந்ததும் எங்கள் வீட்டார் ஜவ்வாது மலைக்குப் போவது வழக்கம். ஜமுனாமரத்தூர் பக்கம் அப்பாவின் நண்பர் ஒருவருக்குச் சாமைக் காடு இருக்கிறது. அறுத்து முடித்த நிலத்தில் டென்ட் போட்டு ஓர் இரவு தங்குவோம். கரண்ட் கம்பி எட்டாத இடம். பெரியம்மா புளிசோறு கட்டித் தருவார், வேன் சாவியைத் தருவார், வாசலில் நின்று கையாட்டுவார். அவருடைய வேன் மலையைப் பலமுறை பார்த்துவிட்டது. அவர் பார்த்ததில்லை.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் திடீரென்று கேட்டார்.

"வண்டில லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, பாட்டு பாடுது. என் மெஷின் மட்டும் ஏன் ஓடாது?"

கேட்டதோடு விடவில்லை. கடையில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் வாங்கி, டாஷ்போர்டில் சிகரெட் லைட்டருக்காக இருக்கும் துளையில் செருகி, மெஷினை மாட்டினார். ஃபியூஸ் போனது. அதோடு பாட்டும் போனது.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அன்வர் பாஷா கருகிய ஃபியூஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தனம்க்கா, சிகரெட் பத்த வெக்கிற ஓட்டைல ஆஸ்பத்திரி நடத்தப் பாத்தீங்களா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு பாய். வழி சொல்லு."

"அதுக்குப் போற ஒயரு மெல்லிசுக்கா. போன் சார்ஜ் போடலாம். உங்க மெஷின் ஸ்டார்ட் ஆவும்போது ஜாஸ்தி இழுக்கும். நேரா பேட்டரிலேந்து தடி ஒயர்ல எடுக்கணும்."

அப்படியே எடுத்தார். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டர் ஒன்றைப் பொருத்தி, இடையில் தனி ஃபியூஸும் வைத்துக் கொடுத்தார். வீட்டு வாசலில் வேனை நிறுத்தி ஓட்டிப் பார்த்தபோது மெஷின் நன்றாக ஓடியது. டாக்டரும் சம்மதித்தார். ஆனால் கையில் இன்ஹேலர் இருக்க வேண்டும், மெஷின் ஓடாவிட்டால் மலையில் தங்கக்கூடாது என்றார்.

பெரியப்பா கோதண்டராமன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சாயங்கால மருந்துக்கு மெஷின் ஓடலைன்னா, இருட்டறதுக்குள்ள எல்லாரும் கீழ எறங்கிடணும். அப்புறம் மலைன்ற பேச்சையே எடுக்கக்கூடாது. சரியா?"

"சரிங்க," என்றார் பெரியம்மா. யோசிக்கவேயில்லை.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. எல்லா வருஷமும் வேனுக்கு மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இந்த முறை பெரியம்மாவுக்கு அது போதவில்லை. இன்வர்ட்டரைக் கழற்றிக் கழுவாத குறையாகத் துடைத்து, நெபுலைசரோடு சாமி முன்னால் வைத்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மலைக்கு மேல் தன் மூச்சைக் காப்பாற்றப் போகிறவை என்று பேட்டரி முனைகளுக்கும் தாராளமாக அப்பினார். பூஜை முடிந்ததும் தானே எல்லாவற்றையும் பழையபடி முடுக்கிவிட்டார்.

மலைக்குக் கிளம்பிய காலையில் என் அப்பா சுரேஷ்குமார் ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணி, ஜமுனாமரத்தூர்ல உங்களுக்குன்னே கரண்ட் கம்பம் நடறாங்களாம்."

"தம்பி, நீங்க மொதல்ல டென்ட்ட ஒழுங்கா நடுங்க. போன தடவ காத்துல பறந்து ஆட்டு மேல விழுந்துச்சாமே."

அம்மா செங்கம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் மூட்டைகளை அவிழ்த்தோம். பெரியப்பா மட்டும் தன் பாயையும் போர்வையையும் கயிற்றுக் கட்டோடு வேனிலேயே விட்டுவைத்தார். பெரியம்மா அதைப் பார்த்தார்.

வெயில் சாய்ந்ததும் அவர் நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு, வண்டிப் புகை எட்டாத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மருந்தை ஊற்றி, மாஸ்க்கை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். மெஷின் ஒரு உறுமல் உறுமியது. உடனே வேனுக்குள் இன்வர்ட்டர் 'கீ' என்று கத்தியது. மெஷின் நின்றுவிட்டது.

மறுபடி போட்டார். மறுபடி அதே கத்தல்.

"பேட்டரி கம்மியா இருக்கும், நான் ஸ்டார்ட் பண்றேன்," என்று அப்பா ஓடிப் போய் என்ஜினைக் கிளப்பினார். கத்தல் நிற்கவில்லை. பெரியம்மாவுக்கு இருமல் தொடங்கியது. அம்மா அவர் முதுகைத் தடவினாள்.

பெரியப்பா சாமைத் தாளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தார். "போதும் தனம். கெளம்பலாம்."

அப்பா இப்போது கிண்டல் செய்யவில்லை. டென்ட்டின் முளையைப் பிடுங்கக் குனிந்தார். அதுதான் பெரியம்மாவுக்குச் சுட்டிருக்க வேண்டும்.

"தம்பி, அதுல கை வெக்காதீங்க!"

எழுந்து வந்து என்ஜினை அணைத்தார். இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்தார். மூச்சு கொஞ்சம் சீரானதும் பேட்டரி மூடியைத் திறந்தார்.

"பேட்டரி கம்மியா இருந்தா, வண்டி ஓடும்போது கத்தறது நின்னுருக்கணும். நிக்கல. அப்ப கரண்ட் இருக்குது, இன்வர்ட்டர் பொட்டிக்குப் போய்ச் சேரல. நடுவுல எங்கயோ நிக்குது."

இன்வர்ட்டர் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒயர் சாதாரணமாக இருந்தது. அது பேட்டரி முனையில் சேரும் இடத்தைத் தொட்டதும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது."

ஸ்பேனரால் கழற்றி ஒயரின் வளையத்தைத் தூக்கினார். உள்ளே, முனைக்கும் வளையத்துக்கும் நடுவே, காய்ந்து பொருக்குத் தட்டிய சந்தனம். அதன் மேல் பத்திரமாகக் குங்குமம்.

அம்மா எட்டிப் பார்த்து, "அக்கா, பேட்டரிக்கே பொட்டு வெச்சியா?" என்றாள்.

"நல்லா ஓடணும்னுதான்டி வெச்சேன்!"

அப்பா அடக்கிப் பார்த்து முடியாமல் டென்ட் மேலேயே சாய்ந்து சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தார், இருமலும் சிரிப்புமாகவே டூல்ஸ் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். முனை பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். வளையத்தையும் தேய்த்தார். துணியால் துடைத்து, இறுக முடுக்கினார். நாற்காலிக்குத் திரும்பிப் போய் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார்.

மெஷின் உறுமியது. நாங்கள் கத்தலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மாஸ்க்கின் ஓரங்களிலிருந்து வெள்ளையாக மருந்துப் புகை கசிந்தது. அத்தனை பெரிய மலையில் அந்தச் சின்ன டப்பாவின் கடகடப்பு ஒன்றுதான் கேட்டது. பெரியம்மா கண்ணை மூடி இழுத்தார், விட்டார், இழுத்தார். தோள்கள் மெல்ல இறங்கின. கண்ணைத் திறந்தபோது எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் செம்மஞ்சள் வெயில். இத்தனை வருஷம் நாங்கள் போனில் எடுத்து வந்து காட்டிய அதே இடம். அவர் முதல்முறையாக நேரில் பார்த்தார்.

பெரியப்பா வேனுக்குப் போனார். பாய்க்கட்டை இறக்கி, கயிற்று முடிச்சை அவிழ்த்து, நாற்காலிக்குப் பக்கத்திலேயே விரித்துப் போட்டார். "ராவுல குளிரும், போர்வையப் போத்திக்கோ," என்றார். தோற்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மருந்து முடியும்போது அப்பா சார்ஜரோடு மெதுவாக வந்து நின்றார். "அண்ணி... போன் செத்துப்போச்சு. உங்க கரண்ட் கம்பத்துல கொஞ்சம் எடம் கிடைக்குமா?"

அவருக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான்.

பெரியம்மா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, வேன் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் சொன்னார்.

"தள்ளாதீங்க. வரிசைல வாங்க."